பாரா உறையாத வாரம்

தைவானின் தைனான் நகரத்தில் ஜூன் மாதத்தில் ஒரு பொருள் உருகிப்போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உறைய வேண்டியது உறைய மாட்டேன் என்று அடம்பிடித்தால்தான் ஊர் கூடும். வேதியியல் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் அந்த வாரம் அப்படித்தான் கூடியது. ஆய்வு மாணவி பெய்ஷானின் குடுவைக்குள் பாரா-குளோரோஃபீனால் எண்ணெயாகத் தளதளவென்று கிடந்தது. நாற்பத்துமூன்று டிகிரிக்குக் கீழே வந்தால் அது வெள்ளைப் படிகமாக இறுகிவிட வேண்டும். அறையிலோ ஏசி ஓடியது. ஏசி ஓடாவிட்டாலும், தைனான் வெயில் எவ்வளவு கொழுப்பெடுத்து அடித்தாலும் நாற்பத்துமூன்றைத் தொடாது.

"பொட்டலம் காலாவதி ஆயிருச்சு. அதான் கோளாறு," என்றான் போஹான்.

போஹான் அந்த ஆய்வகத்தின் மூத்த மாணவன். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து இத்தனை வருடமாகியும் பட்டம் வரவில்லை, தொப்பை மட்டும் வந்துவிட்டது. அவன் சொன்ன பொட்டலம், சரக்கின் சுத்தம் பார்க்கும் கருவியின் தலையில் உட்கார்ந்திருந்த பச்சைநிறச் சோளப்பொரிப் பொட்டலம். அதன் பெயருக்கே 'சமர்த்தாக இரு' என்றுதான் பொருள். மெஷின் மக்கர் பண்ணாமல் ஓட அதைத் தலைமேல் வைப்பது அந்த ஊர் வழக்கம். பொட்டலம் பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் மெஷின் முறைக்கும், சிவப்பு வைத்தால் படுத்துக்கொள்ளும். தேதி தாண்டக் கூடாது, பசிக்கிறதென்று யாரும் பிரித்துத் தின்றுவிடவும் கூடாது. அறிவியல் படித்தவர்கள் இதையெல்லாம் நம்புகிறார்களா என்று கேட்டால் சிரிப்பார்கள். அப்படியானால் எடுத்துவிடவா என்று கேட்டுப்பாருங்கள், ஒருவர்கூடச் சிரிக்க மாட்டார்.

"அது மெஷினுக்கு வெச்ச பொட்டலம் அண்ணே. குடுவைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள் பெய்ஷான்.

"சாமி வாசல்ல இருந்தா கொல்லைக்குக் காவல் இல்லைன்னு அர்த்தமா? தங்கச்சி, உனக்குப் பக்தி பத்தாது."

புதுப் பொட்டலம் வந்தது. தலைமேல் வைத்தார்கள், கும்பிடாத குறை. பாரா அசையவில்லை.

இந்தப் பாராவின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பெய்ஷானின் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது. கல்யாண விருந்தில் ஒரு வட்ட மேசை, சுற்றி ஆறு நாற்காலி. வந்திருப்பது ஹைட்ராக்சில், குளோரின் என்று இரண்டே விருந்தாளிகள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஆர்த்தோ. ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தால் மெட்டா. எதிரெதிரே உட்கார்ந்தால் பாரா. அதே சாப்பாடு, அதே எடை, ஆனால் உட்காரும் இடம் மாறினால் குணம் மாறிவிடும். ஆர்த்தோவில் அந்த இருவரும் தங்களுக்குள்ளேயே குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். அக்கம்பக்கத்து மேசைக்காரர்களைச் சட்டை செய்ய மாட்டார்கள். அதனால் ஆர்த்தோ யாரோடும் ஒட்டாது, குளிரிலும் திரவமாகவே திரியும், நீராவி கூப்பிட்டால் முதல் ஆளாகக் கிளம்பிவிடும். பாராவில் பேச்சுத்துணை மேசையின் மறுகோடியில் இருப்பதால், அவரவர் திரும்பி அடுத்த மேசைக்காரர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். மண்டபம் முழுக்கக் கைகோத்துக் கெட்டியாகிவிடும். மெட்டா இரண்டுக்கும் நடுவே, சமயத்துக்குத் தகுந்தாற்போல்.

பெய்ஷான் செய்த வினையில் ஆர்த்தோவும் பாராவும் கலந்துதான் பிறந்தன. ஆர்த்தோவை நீராவியில் வடித்து வெளியே அனுப்பினாள். மிச்சத்தைச் சுத்தம் செய்தாள், மறுபடியும் சுத்தம் செய்தாள். கருவியில் கொடுத்துப் பார்த்தாள். சுத்தமான பாரா என்று கருவி கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னது.

ஆனால் பேராசிரியர் ஜுவோ கருவியை நம்புகிற ஜாதி இல்லை. "கோடு போட்ட காகிதம் எல்லாம் எதுக்கு? படிகத்தைக் கண்ணுல காட்டு. உருகுநிலை பார்த்துட்டு ஆய்வேட்டுல கையெழுத்துப் போடறேன்," என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை அவர் மகளைப் பார்க்க வெளிநாடு கிளம்புகிறார். வர இரண்டு மாதம் ஆகும். அதற்குள் கையெழுத்து வாங்காவிட்டால் பெய்ஷானுக்கு இந்தப் பருவத்தில் பட்டம் கிடையாது. பட்டம் இல்லாவிட்டால் ஷின்சூ நகரத்துக் கணினிச் சில்லு ஆலைக்காரன் ஆகஸ்டில் கொடுப்பதாகச் சொன்ன வேலையும் கிடையாது. ஆக அவளுடைய எதிர்காலம் முழுவதும் அந்தக் குடுவைக்குள் எண்ணெயாக ஆடிக்கொண்டிருந்தது.

விதை போட்டால் ஆகிவிடும். தூய பாராவின் ஒரு துணுக்கைக் குடுவைக்குள் போட்டால், அதைப் பார்த்து மற்றதெல்லாம் வரிசை கட்டிக்கொண்டு இறுகும். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். ஜுவோ சார் ஆய்வகத்தில் மட்டும் அது தடை. "விதை போட்டாத்தான் முளைக்கும்னா உள்ள அழுக்கு இருக்குன்னு அர்த்தம். சுத்தமான சரக்கு தானா உறையும்," என்பார். உறையாமல் முரண்டு பிடித்தால்? அதற்குத்தான் அவருடைய கைராசி இருந்தது. குடுவையை வாங்கி, ஒரு சுழற்று சுழற்றி, மணிக்கட்டை லேசாக உதறி, கண்ணாடிக்குச்சியால் உட்சுவரை ஒரு கீறு கீறுவார். அவ்வளவுதான், பொலபொலவென்று வெண்மை பூத்துவிடும். அடுத்த பல்கலைக்கழகத்திலிருந்துகூட ஆட்கள் குடுவையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். போஹான் அந்த உதறலைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருந்தான். சாருக்குப் பிறகு கைராசி தனக்குத்தான் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

அந்தக் கைராசி செவ்வாய்க்கிழமை பொய்த்தது. போஹானின் குடுவையை வாங்கிச் சுழற்றினார், உதறினார், கீறினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் உதறினார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். கடைசியில் குடுவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஈரம் அதிகம்," என்று காற்றைக் குறை சொல்லிக்கொண்டு போய்விட்டார். காதுமடல் சிவந்திருந்தது.

எல்லோரும் பொட்டலத்தைப் பார்த்தார்கள். பெய்ஷான் மட்டும் வாசலில் ஆணியில் தொங்கிய சாரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். அது உண்மையிலேயே வெள்ளையாக இருந்தது.

நடந்தது இதுதான். பாதுகாப்பு ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை அறையைச் சுத்தம் செய்யும் முறை அவளுடையது. சாரின் கோட்டைத் துவைத்து யாரும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியும் தார்ப்பீப்பாயும் கல்யாணம் செய்துகொண்ட மாதிரி ஒரு வாசனை அதில். எடுத்துக்கொண்டு போய் மாணவியர் விடுதியின் சலவை மெஷினில் போட்டாள். கறை போக வேண்டுமே என்று ப்ளீச்சைத் தாராளமாக ஊற்றினாள். ஃபீனால் ஊறிய துணியில் குளோரினை ஊற்றினால் என்ன பிறக்கும் என்று வேதியியல் படிக்கிற பிள்ளைக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? கோட்டு வெளுத்தது. மெஷின் நாறியது. அடுத்து அதில் துவைத்தவர்களின் உள்ளாடை, தலையணை உறை எல்லாம் மருந்துக்கடையாக மணத்தது. குளோரோஃபீனாலுக்கு ஒரு குளத்துக்குத் துளி போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும். விடுதியில் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பெய்ஷானும் கூடச் சேர்ந்து, "யாரு இந்த வேலையைப் பண்ணினதுன்னு தெரியட்டும்," என்று கையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது கணக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது. சார் குடுவையின் வாய்க்கு மேலே மணிக்கட்டை உதறும்போது அந்த அழுக்குக் கைமடிப்பிலிருந்து ஒரு துணுக்கு பாரா உள்ளே விழும். அதுதான் கைராசி. அவருக்கே தெரியாமல் கோட்டுக்குள் குடியிருந்த ராசியை அவள் ப்ளீச் ஊற்றிக் கழுவிவிட்டாள். பாவம், வயதானவர், கை போய்விட்டதென்று மனதுக்குள் அழுகிறாரோ என்னவோ. சொன்னால் அவர் மானம் போகும், சொல்லாவிட்டால் இவள் வேலை போகும்.

இரண்டும் போகாத வழி ஒன்று அவளுக்குத் தோன்றியது. கைமடிப்பில் கொஞ்சம் பாராவைத் திரும்ப வைத்துவிட்டால் போதும். சார் உதறுவார், படிகம் வரும், கையெழுத்தும் வரும்.

ஆய்வகத்தில் பாரா தீர்ந்துபோய் மாதக்கணக்காகிறது. வியாழக்கிழமை காலை எதிர்க் கட்டிடத்தில் இளநிலை மாணவர்களின் செய்முறைக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் தோழி ஜிங்வென்னிடம் போனாள்.

"மூணு குழாய் இருக்குடி. தேர்வுக்கு வெச்சது, அதனால பேர் ஒட்டல. தண்ணியா இருக்கறது ஆர்த்தோ. கட்டியா இருக்கற ரெண்டுல ஒண்ணு மெட்டா, ஒண்ணு பாரா. எதுன்னு எனக்கே தெரியாது. எடுத்துக்கோ."

பெய்ஷான் கட்டியாக இருந்த இரண்டில் ஒன்றை இறுக்கமாக மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். வழியில் பூசணி டீ வாங்க வரிசையில் நின்றாள். தைனான்காரர்கள் டீ வாங்காமல் எந்தத் துரோகமும் செய்வதில்லை. நெற்றியில் வியர்வை ஊற்ற, மூன்றாம் மாடி ஏறிக் குழாயை வெளியே எடுத்தால், உள்ளே இருந்தது தண்ணீராக ஆடியது. மெட்டா முப்பத்துமூன்று டிகிரியிலேயே உருகிவிடும். உடம்புச்சூடு போதும் அதற்கு. போன வேகத்தில் திரும்பி வந்தவளைப் பார்த்து ஜிங்வென் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடியே, இங்கயே அக்குள்ல கொஞ்ச நேரம் வெச்சிருந்தா தெரிஞ்சிருக்குமே! வெயில்ல போயிட்டு வரணுமா?"

"பேசாதடி. இன்னொண்ணைக் குடு."

மற்ற குழாய் முன்பு பார்த்ததைவிடக் குறைந்திருந்தது. பெய்ஷான் அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"யாராவது எடுத்தாங்களா?"

"என்னமோ தெரியல, இன்னிக்கு எல்லாருக்கும் பாரா மேலயே ஆசை," என்று மட்டும் சொன்னாள் ஜிங்வென். யாரென்று சொல்லவில்லை.

மதியப் பெட்டிச்சோறு முடிந்ததும் ஆய்வகத்தில் விளக்கை அணைத்துவிடுவார்கள். எல்லோரும் மேசையில் கைமேல் தலையை வைத்துத் தூங்குவார்கள். அந்த நேரத்தில் தீப்பிடித்தால்கூட, எழுந்ததும் அணைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைப்பார்கள். போஹானின் குறட்டை ஏறுவதற்காகப் பெய்ஷான் காத்திருந்தாள். ஏறியதும் கையுறை மாட்டிக்கொண்டு, குழாயை எடுத்துக்கொண்டு, பூனைநடையாக வாசலுக்குப் போனாள். ஆணியில் கோட்டைக் காணோம்.

அலமாரிக்குப் பின்னால், அவளுடைய குடுவை இருந்த நீள மேசையின் மறுகோடியில், ஏதோ உரசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். ஜுவோ சார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் கோட்டு. கைமடிப்பைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, சின்னஞ்சிறு கரண்டியால் அதற்குள் எதையோ அள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

"சார்?"

அவர் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். "நீ தூங்கலயா?"

"நீங்க தூங்கலயா சார்?"

"பட்டன் பிஞ்சிருச்சு. தைக்கலாம்னு."

"கரண்டியாலயா சார்?"

அவர் கரண்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "உன் கையில என்ன?"

"சர்க்கரை சார். டீக்கு."

"கையுறை போட்டுக்கிட்டா டீக்குச் சர்க்கரை போடுவாங்க?"

போஹானின் குறட்டை ஏறி இறங்கியது.

"அப்ப கோட்டைத் துவைச்சது நீதான்," என்றார் ஜுவோ மெல்ல. "ரெண்டு நாளா யாரைக் கேக்கறதுன்னு தெரியாம முழிக்கறேன். 'என் கோட்டை ஏன்டா துவைச்சீங்க'ன்னு கத்தினா, 'துவைச்சா என்ன சார்?'னு திருப்பிக் கேப்பானுங்க. அதுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

பெய்ஷானுக்குப் பாவமாக இருந்ததெல்லாம் அந்த நொடியில் ஆவியாகிப் போயிற்று. கோபம் மூக்குக்கு ஏறியது.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சேதான்! நான் பாவம், ஏதோ அழுக்குல ஒட்டிக்கிட்டிருக்கு, உங்களுக்கே தெரியாதுன்னு நினைச்சு மனசு கஷ்டப்பட்டுக்கிட்டு இருந்தேன் சார். நீங்க மடிப்புல விதையை வெச்சுக்கிட்டு, எங்களை மட்டும் விதை போடக்கூடாதுன்னு சொன்னீங்க!"

"மெதுவா பேசு."

"ஏன் மெதுவா பேசணும்? என் வேலை போகப் போகுது சார்! ஒரு துணுக்கு போட்டிருந்தா திங்கக்கிழமையே முடிஞ்சிருக்கும்."

ஜுவோ கோட்டை மடியில் நீவிக்கொண்டார். நோபல் குழுவே வந்து கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் கையும் களவுமாகப் பிடிபட்டவன் மனசுக்கு அப்புறம் பூட்டு ஏது?

"முதல் தடவை அதுவாத்தான் விழுந்துச்சு, சத்தியமா. நான் அப்ப சின்னப் பையன், வேலைக்குச் சேர்ந்த புதுசு. படிகம் வந்ததும் எல்லாரும் கைதட்டினாங்க. ஏன் வந்துச்சுன்னு வீட்டுக்குப் போனப்புறம்தான் கோட்டைப் பாத்துக் கண்டுபிடிச்சேன். மறுநாளே சொல்லியிருக்கலாம். மறுநாள் இன்னொருத்தன் குடுவையோட வந்து நின்னான், பயபக்தியா. எப்படிம்மா சொல்றது?"

"எனக்குக் கதை வேண்டாம் சார். கையெழுத்து வேணும்."

"நீ விதை போட்டுக் கொண்டுவந்து நான் கையெழுத்துப் போட்டா, விதை வேணும்னு என் வாயாலேயே ஒத்துக்கிட்டதா ஆயிரும். நாளைக்குக் காலைல எல்லார் முன்னாடியும் நான் உதறறேன். உனக்கும் கையெழுத்து, எனக்கும் மரியாதை. நீ வாயைத் திறக்காத."

"அப்ப என் சரக்கு சுத்தமா இருந்துதான் உறைஞ்சுதுன்னு யாரு சொல்லுவா? உங்க கையாலன்னுதானே சொல்லுவாங்க? நீராவில நின்னு வெந்தது நானு!"

கோபத்தில் மேசையை ஓங்கித் தட்டினாள். குடுவை ஆடியது. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

இருவரும் திரும்பினார்கள். எண்ணெயின் விளிம்பில் ஒரு வெள்ளைப்பொட்டு முளைத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ஊசி ஊசியாக நாலாபுறமும் ஓடியது. மூச்சு விடுவதற்குள் குடுவை முழுக்க வெள்ளைவெளேரென்று கட்டியாகிவிட்டது. பெய்ஷான் கையை வைத்துப் பார்த்தாள். உறைகிற வேகத்தில் வெளியேறிய சூட்டில் கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. குழந்தை நெற்றியைத் தொடுவதுபோல் தொட்டுக்கொண்டே நின்றாள். அவள் கையிலிருந்த குழாய் மூடியபடியே இருந்தது. அவருடைய கரண்டி எட்டாத தூரத்தில் இருந்தது. காற்றில் ஒரு தூசு பறந்து வந்து விழுந்திருக்கலாம் என்று வேதியியல்காரர்கள் வாதாடுவார்கள். வாதாடட்டும்.

சத்தத்தில் போஹான் விழித்துவிட்டான். கன்னத்தில் சட்டைச் சுருக்கத்தின் தடத்தோடு எழுந்து வந்தவன், வெள்ளைக் குடுவையைப் பார்த்தான், பக்கத்தில் கோட்டோடு நின்ற சாரைப் பார்த்தான்.

"வந்துருச்சு! சாரோட கைராசி திரும்ப வந்துருச்சு! டேய், எல்லாரும் எழுந்திரிங்கடா!"

விளக்கு எரிந்தது. தூக்கக் கண்ணோடு கும்பல் கூடியது. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். ஜுவோவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. ஒன்றும் பேசாமல் நின்றாலே போதும், இரண்டு நாள் பட்ட அவமானம் துடைத்தெறியப்பட்டுவிடும். பெய்ஷான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் சரக்கு, உன் உழைப்பு என்று அந்த வாய் சொல்லாவிட்டால் கையெழுத்துக் கிடைத்தும் கிடைக்காத மாதிரிதான் என்று அவளுக்குத் தோன்றியது.

"தட்டாதீங்க," என்றார் ஜுவோ. "நான் தொடவே இல்ல. தூரத்துல உட்கார்ந்திருந்தேன். அது தானா உறைஞ்சுது. அவ சரக்கு அவ்வளவு சுத்தம்."

உருகுநிலை பார்த்தார்கள். நாற்பத்துமூன்றில் கண்ணாடிபோல் தெளிந்து உருகியது. அங்கேயே, பெட்டிச்சோற்றுக் குழம்பு சிந்திய மேசைமேல், பேனாவை வாங்கி ஜுவோ கையெழுத்துப் போட்டார். பெய்ஷானுக்கு அழுகை வந்தது, அழவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆளை ஒரே மதியத்தில் வெறுத்து, மன்னித்து, மதிக்கவும் செய்தாள்.

கும்பல் கலைந்ததும் போஹான் தன்னுடைய குடுவையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதுவும் பாராதான், வேறு வழியில் செய்தது. முகத்தில் இத்தனை வருடத்துப் பட்டமில்லாத ஏக்கம்.

"சார், நீங்க ஊருக்குப் போறதுக்கு முன்னாடி என்னோடதையும் ஒரு தடவை..."

ஜுவோ கோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எனக்குக் கை வலிக்குதுப்பா. பெய்ஷான்கிட்ட குடு." சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே மாமரத்தில் ஏதோ அதிசயம் இருப்பதுபோல் பார்க்கத் தொடங்கினார்.

பெய்ஷான் கையுறையோடுதான் இருந்தாள். குழாய் இன்னும் உள்ளங்கையில் இருந்தது. போஹானைப் பார்த்தாள். விதை போடுகிறேன் என்று சொன்னால் முடிந்துவிடும். சாரே அவளிடம் உண்மையை ஒப்புக்கொண்ட பிறகு இனி அதற்குத் தடையும் இல்லை. சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் போஹான் நின்ற நிலை அப்படி இருந்தது. பயபக்தியாக, கையைக் கட்டிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு. தங்கச்சி, உனக்குப் பக்தி பத்தாது என்று சொன்ன அதே போஹான்.

"கண்ணை மூடிக்கங்க அண்ணே. நல்லதா நினைச்சுக்கங்க."

மூடிக்கொண்டான். உதடு ஏதோ முணுமுணுத்தது. அதற்குள் குழாயின் மூடியைத் திறந்து ஒரு துணுக்கை விரலிடுக்கில் எடுத்துக்கொண்டாள். பெய்ஷான் குடுவையை ஒரு சுழற்று சுழற்றினாள். மணிக்கட்டை லேசாக உதறினாள், பாவி, எவ்வளவு அழகாக உதறினாள்! கண்ணாடிக்குச்சியால் ஒரு கீறு. ஜன்னலோரம் ஒரு இருமல் சத்தம் கேட்டது.

"இப்பத் திறங்க."

போஹான் வெள்ளையாக இறுகிக்கொண்டிருந்த குடுவையைப் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது. "எப்படி தங்கச்சி? உனக்கு எப்படி வந்துச்சு இது?"

"என்னமோ அண்ணே," என்றாள் பெய்ஷான். "கைராசிதான்."

சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சங்கூடக் கூச்சமாக இல்லை. அதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது.